ஜி என்ற இடம்

என் கையெழுத்து நன்றாக இருக்காது மேடம். அதனால்தான் டைப் அடித்துத் தருகிறேன்.

வீட்டுப் பட்டியல் ஏப்ரல் மாதம் எப்படி அழிந்தது என்று விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தீர்கள். மேனேஜர் சாய்நாத் சாரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள், சபேஷிடம் முக்கால் மணி. என்னை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டீர்கள். "டைப்பிஸ்ட்தானே, தெரிஞ்சதை ஒரு பக்கம் எழுதிக் குடும்மா" என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இருந்தாலும் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த அலுவலகத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

நான் டைப்பிஸ்ட் இல்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா ராஜாமணி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறார். எனக்கு வேலை கிடைத்த அன்று, மகள் கம்ப்யூட்டர் ஆபீசர் ஆகிவிட்டாள் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கடலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட "ஆபீசரம்மா, உள்ள போங்க" என்பார். அலுவலகத்தில் எனக்குப் பெயர் "பாப்பா". பஸ்ஸை விட்டு இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள் ஆபீசர் பாப்பாவாகிவிடுவாள்.

தானே புயல் அடித்து ஒரு மாதம் கழித்து நம் டிரஸ்ட் கடலூரில் அலுவலகம் திறந்தது உங்களுக்குத் தெரியும். முந்திரிக்காட்டு ஓரம் இருக்கிற அந்தக் காலனிக்கு நூற்றுப் பதினான்கு வீடு கட்டித் தருவதாக வெளிநாட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் கேட்டது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் விவரமும் போட்டோவும். இடிந்த வீட்டின் முன்னால் வீட்டுக்காரர் நிற்க வேண்டும், கையில் வரிசை எண் எழுதிய சிலேட்டு இருக்க வேண்டும். ஏப்ரல் பதினாறு, திங்கட்கிழமை காலைக்குள் முழுப் பட்டியலும் போய்ச் சேராவிட்டால் அவர் வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவார். ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார்.

போட்டோ எடுப்பது கள ஊழியர் தேவநாதன் அண்ணனின் வேலை. பட்டியலும் போட்டோவும் என் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. முதல் முறை எடுத்த படங்கள் அத்தனையும் வீணாகிவிட்டன. போட்டோ எடுக்க ஆள் வருகிறார் என்று முந்தின நாளே சொல்லிவிட்டதால் காலனியில் எல்லாரும் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். கூரை போன வீட்டின் முன்னால் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி. சாய்நாத் சார் படங்களைப் பார்த்துவிட்டு, இவர்களைப் பார்த்தால் பாதிக்கப்பட்டவர்கள் மாதிரி இல்லை, மறுபடி எடுங்கள் என்றார். அன்று எனக்கு டைப் அடிக்க ஒன்றும் இல்லாததால் நானும் தேவநாதன் அண்ணனோடு போனேன்.

நாற்பத்தேழாம் எண் இருசம்மாள். முப்பது வயது இருக்கும். கணவர் இல்லை. இரண்டாவது படிக்கிற மகள் இருந்தாள். வீட்டில் மூன்று பக்க மண்சுவர் நின்றது, நான்காவது பக்கம் தார்ப்பாய். பழைய புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னதற்கு அவள் தேவநாதன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இடிஞ்சது வூடுதான் சார். நான் இல்லியே."

ஆனாலும் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். என்னிடம், "எத்தினியாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். மகளின் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "நல்லாப் பாத்துக்க" என்றாள். நானும் காலனி வீட்டிலிருந்து வந்தவள்தான். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி கம்ப்யூட்டர் விஷயம். எளிமையாகவே சொல்கிறேன்.

பிப்ரவரி முதலே என் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் சரியாக வேலை செய்யவில்லை. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் சிவப்புக் குறி போட்டுக்கொண்டு படுத்துவிடும். வெளியிலிருந்து ஆள் வந்து மூன்று தடவை அதை அழித்து மறுபடி போட்டார். முதலில் கரண்ட் சரியில்லை என்றார், பிறகு மெஷின் பழசு என்றார். ஒரு தடவை, நான் எதையாவது தொட்டிருப்பேன் என்றார்.

நான் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறிக்க ஆரம்பித்தேன். எந்த நாள் வேலை செய்தது, எந்த நாள் செய்யவில்லை, அன்று காலையில் யார் என்ன செய்தார்கள், எல்லாம். மூன்று வாரம் எழுதினேன். பார்த்தால், தேவநாதன் அண்ணன் தாமதமாக வந்த நாளெல்லாம் ஆன்டிவைரஸ் நன்றாக இருந்தது. அவர் சீக்கிரம் வந்த நாளெல்லாம் படுத்துக்கொண்டது. அவரிடம் சொன்னபோது, "என்னெக் கண்டா அதுக்கு ஆவல போலருக்கு பாப்பா" என்றார்.

காரணம் அவர் கொண்டுவந்த கார்டு ரீடர். கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் படிக்கிற சின்னக் கருவி. கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் டிஸ்க் சி. சிடி போடுகிற இடம் டி. அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இன்டர்நெட் இருந்தது. அதிலிருந்த ஒரு ஃபோல்டருக்கு என் கம்ப்யூட்டரில் ஜி என்று பெயர். ஆன்டிவைரஸ் தினமும் காலையில் ஜிக்குப் போய், புதிதாகக் கிளம்பியிருக்கிற வைரஸ்களின் விவரத்தை எடுத்துக்கொண்டு வந்தால்தான் அன்றைக்குக் காவல் காக்கும். கார்டு ரீடருக்கு நான்கு வாய். கார்டு போட்டாலும் போடாவிட்டாலும் நான்கு எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர் சீக்கிரம் வந்து அதைச் செருகிவிட்ட பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால், அடுத்த அறை ஃபோல்டர் வந்து சேருவதற்குள் அதன் மூன்றாவது வாய் ஜியில் உட்கார்ந்துவிடும். ஆன்டிவைரஸ் ஜிக்குப் போனால் அங்கே காலி வாய். அவ்வளவுதான்.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்துக்குப் போய், கார்டு ரீடரின் நான்கு வாய்க்கும் யாருக்கும் தேவைப்படாத கடைசி எழுத்துகளைக் கொடுத்தேன். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். ஜி காலியானது, ஃபோல்டர் தன் இடத்துக்கு வந்தது. அடுத்த ஒரு மாதத்தில் சிவப்புக் குறி ஒரு நாள்கூட வரவில்லை. தேவநாதன் அண்ணன் கார்டைப் பிரிண்ட் போடத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து அதில் தொற்றிக்கொண்டு வந்த வைரஸை அந்த மாதத்தில் மட்டும் ஆன்டிவைரஸ் ஆறு தடவை பிடித்தது.

நான் இதை ஒரு பக்கம் எழுதி, என்ன கோளாறு, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று சாய்நாத் சார் மேசையில் வைத்தேன். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினேன். அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்க ஒரு நிரந்தர வேலை வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மார்ச் கடைசி வாரக் கூட்டத்தில் சார் அந்தப் பக்கத்தைப் படித்தார். கீழே என் பெயர் இருந்த இடத்தை மடித்திருந்தார். புதுச்சேரியில் டிப்ளமோ படித்த தன் அக்கா மகன் சபேஷ் வந்து பார்த்துச் சொன்னதாகச் சொன்னார். அந்த வேலையும் சபேஷுக்குக் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் சாரிடம் போய், அதை எழுதினது நான் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"யாரு எழுதுனா என்ன பாப்பா, எல்லாம் ஆபீஸ் வேலதான. நீ டைப்பிங்க பாரு, மெஷினெ அவன் பாத்துப்பான்."

பாத்துப்பான். அந்த வார்த்தையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் ஒன்பது, திங்கட்கிழமை மாலை. நான் வந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிவைத்தேன். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட்டை எடுத்துவிட்டேன். கார்டு ரீடர் பழையபடி ஜியில் உட்கார்ந்தது. அதைச் செருகியபடியே விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். இதில் நான் கெடுத்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். எதையும் அழிக்கவில்லை. வைரஸ் நான் எழுதினது இல்லை. என் வேலை என்னுடையது இல்லை என்று சொன்னார்கள், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர்கள் கம்ப்யூட்டரை அவர்களிடமே கொடுத்தேன். சிஸ்டம் பார்க்க ஆள் இருக்கிறான். காலையில் சிவப்புக் குறியைப் பார்த்தால் அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதினவன் அவன்தானே.

செவ்வாய்க்கிழமை காலை சிவப்புக் குறி வந்தது. சபேஷ் பார்த்தான். அதன்மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி மறைத்துவிட்டு, "இது சும்மா அப்பிடித்தான் காட்டும்" என்றான். தேவநாதன் அண்ணன் கார்டைப் போட்டார். கடைசியாக எடுத்த ஏழு குடும்பங்களின் படம் அதில் இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றினேன். நூற்றுப் பதினான்கும் முழுமையானது.

புதன்கிழமை காலை பட்டியலைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை. போட்டோக்களை அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. கார்டு ஒன்றுதான் என்பதால் தேவநாதன் அண்ணன் தினமும் அதை அழித்துவிட்டுத்தான் மறுபடி எடுப்பார். அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் இடம் இல்லாததால் போட்டோக்களை வேறெங்கும் வைத்திருக்கவில்லை. விவரம் எழுதிய படிவங்கள் காகிதத்தில் இருந்தன, ஆனால் போட்டோ இல்லாத பெயரை அந்த வெளிநாட்டுக்காரர் ஏற்க மாட்டார். போய் மறுபடி எடுக்கலாம் என்றால் காலனியில் பாதிப் பேர் இல்லை. இங்கே மரமெல்லாம் புயலில் விழுந்துவிட்டதால் முந்திரி பொறுக்க ஆண்டிமடம் பக்கம் போயிருந்தார்கள். வர மாதக் கடைசி ஆகும்.

அந்த வைரஸ் இப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறு தடவை பிடிபட்டதில் ஒரு தடவை நான் இன்டர்நெட்டில் போய் அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் எழுத்துகளை மாற்றுவதற்கு முன்னால் பட்டியலையும் அதுவரை வந்த போட்டோக்களையும் என் சொந்தப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கார்டு வந்ததும், அதைக் கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்னால், வெளியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் அந்த ஏழு குடும்பத்தின் படங்களையும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டேன். நூற்றுப் பதினான்கும் ஒன்றுகூடக் குறையாமல் என்னிடம் இருந்தன. சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில்.

ஆகவே யாருக்கும் நஷ்டம் வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பது உங்களுக்குப் புரியும். நான் நினைத்தது வேறு. புதன்கிழமை சபேஷ் முழிப்பான். சார் எல்லாரையும் பார்ப்பார். கடைசியில் என் மேசைக்கு வருவார். "சிந்துஜா, ஒன்னால முடியுமா?" என்பார். பாப்பா இல்லை, சிந்துஜா. நான் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் ஏதோ செய்வதுபோல் செய்துவிட்டு எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் திட்டம். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

அவர் வரவில்லை.

சபேஷ் கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் போட்டான். அழித்த பிறகுதான், அழிப்பதற்கு முன்னால் மீட்க ஏதாவது வழி இருந்திருக்கலாம் என்று யாரோ போனில் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனார். வியாழக்கிழமை சென்னைக்குப் போன் போட்டார்கள். சார் கையால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளில் சபேஷ் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, டீ சொல்லியாச்சா என்று. நான் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டால் உடனே எழுந்திருக்கலாம் என்று. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திட்டவாவது திட்டியிருக்கலாம். நான்தான் கெடுத்திருப்பேன் என்று சந்தேகப்படக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. கெடுக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சார் என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். கை பைக்குள் போய்விட்டது.

"பாப்பா, நீ வேணா வூட்டுக்குக் கெளம்பு. டைப்பிங்தான் ஒண்ணும் இல்லியே. சும்மா எதுக்கு ஒக்காந்திருக்க."

அன்பாகத்தான் சொன்னார். நான் பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சார் அந்த வெளிநாட்டுக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்த அறையிலிருந்து எனக்குக் கேட்டது. அப்போதும் பென் டிரைவ் பையில்தான் இருந்தது. போனை வைப்பதற்குள் எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்பீர்கள். கொடுத்தால், இது உனக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். முதல் தடவையாக என்னைக் கேட்பது அந்தக் கேள்வியாக இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. பணம் வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. அங்கேயும் வீடு இல்லாதவர்கள்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லையே.

அக்டோபர் கடைசியில் மறுபடி புயல் மழை. முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணி போல இருசம்மாள் வீட்டில் நின்றுகொண்டிருந்த மூன்று சுவரில் நடுச்சுவர் விழுந்தது. மழைக்காக அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மகளை வெளியே தள்ளிவிட்டாள் என்கிறார்கள். அவளால் வர முடியவில்லை. அந்தப் பெண் இப்போது பண்ருட்டியில் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள். அந்த மாமன்தான், என் அக்காளை நாற்பத்தேழாம் எண் சிலேட்டோடு போட்டோ எடுத்தீர்களே, அந்த வீடு எங்கே என்று உங்களுக்கு மனு எழுதினவர். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். நூற்றுப் பதிமூன்று பேர் உயிரோடு இருந்திருந்தால்கூட... தவறாக டைப் செய்துவிட்டேன். மற்ற நூற்றுப் பதிமூன்று பேர் உயிரோடுதான் இருக்கிறார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறார்கள்.

சபேஷைப் போன வாரம் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவன் அழுதான். அழித்துப் போட்டதுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறான். அவன் செய்ததில் தப்பில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள். பென் டிரைவை ஒரு கவரில் போட்டு இந்தத் தாள்களோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். திறந்து பாருங்கள், எண் வரிசையில் இருக்கும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தபோது ஒரு வாக்கியம் சரியில்லை என்று தெரிந்தது. என்னைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை.

ஏப்ரல் பதின்மூன்று வெள்ளிக்கிழமை, இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, இருசம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். பட்டியல் போய்விட்டது என்று தேவநாதன் அண்ணன் காலனியில் சொல்லியிருந்தார். சார் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை, நேரே என் மேசைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கம்ப்யூட்டருல எங்க பேரெல்லாம் அழிஞ்சி போச்சின்றாங்களே, நெசமா மேடம்? ஒங்ககிட்டதான எல்லாம் எழுதிக் குடுத்தோம். ஒங்களுக்குத் தெரியாம போவாது. ஒங்ககிட்ட எங்கனா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க மேடம்."

பை என் காலடியில் இருந்தது. இல்லைக்கா, எல்லாம் போய்விட்டது, சார் வெளியில் வந்ததும் அவரைக் கேளுங்கள் என்று சொன்னேன். அவள் நம்பினாள். படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கட்டடத்துக்குள் என்னை மேடம் என்று கூப்பிட்டு, எனக்குத்தான் தெரியும் என்று நம்பி, என்னால் முடியுமா என்று கேட்ட ஒரே ஆள் அவள். அதை நான் யாரும் கேட்டதாகவே எடுத்துக்கொள்ளவில்லை மேடம். அவள் போன பிறகும் சார் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாராவது வந்து கேட்பார்கள் என்று.